லேபிள் அக்காவின் பிடிவாதம்

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிற அக்காவுக்கு லேபிள் அக்கா என்று பெயர் வைத்தவன் நான்தான். எனக்கு ஸ்கேன் அறையில் வேலை. கண்ணில் பட்ட எதற்கும் லேபிள் ஒட்டாமல் அவர் விடமாட்டார். வயர், சாவி, ஏன், என் டீ கப்பில்கூட ஒன்று. "விட்டா என் முதுகுலயும் ஒட்டிடுவா" என்று அவர் வீட்டுக்காரரே அலுத்துக்கொள்வார்.

சர்வரில் இரண்டு டிஸ்க். இரண்டாவதில் பதினோரு வருடத்து ஸ்கேன் படங்கள். அவற்றுக்கு நகல் எடுக்கப் புது டிஸ்க் வந்த அன்று, அக்கா மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போயிருந்தார். "நான் பாத்துக்கறேன்க்கா, நிம்மதியா போங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லியிருந்தேன்.

புது டிஸ்க்கை மாட்டினேன். சர்வரை அணைத்துத் திரும்பப் போட்டேன். முதலில் புது டிஸ்க்கைச் சுத்தமாக அழிக்க வேண்டும். கடைசியாக வந்தது மூன்றாவதுதானே? 'மூன்றாவதை அழி' என்று அடித்தேன். ஏற்கவில்லை. அக்கா எழுதிவைத்த புரோகிராம், டிஸ்க்கின் மேல் அச்சடித்திருக்கும் சீரியல் நம்பரைக் கேட்டது. பதினான்கு எழுத்து! வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே டார்ச்சோடு மண்டி போட்டுப் படித்து அடித்தேன்.

இந்த நம்பர் இப்போது இரண்டாவது டிஸ்க் என்றது திரை.

அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு முறை எழும்போதும், எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ அதிலிருந்து கம்ப்யூட்டர் புதிதாக எண்ணுகிறது. புதுசு முந்திக்கொண்டுவிட்டது. படங்கள் இருந்த டிஸ்க் மூன்றாவதாகிவிட்டது; நான் அழிக்கச் சொன்னது அதைத்தான். உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"மூணாவதுன்னு அடிச்சியா?"

"அடிச்சேன்க்கா. அது கேக்கல."

"பழைய ஆஸ்பத்திரியில நான் அடிச்சப்ப கேட்டுடுச்சுடா" என்றார்.

இத்தனை வருடத்தில் அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலை ஒரு தையல்காரர் வந்தார். பார்வை போய்விடும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். டாக்டர் ஆறு வருடம் முந்தைய படத்தைத் திறந்து, நான் அப்போதுதான் எடுத்த படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அன்னைக்கு இருந்த அதே தழும்புதான். கொஞ்சம்கூட வளரல. ஆபரேஷனே வேண்டாம்."

"அப்பாடா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

தையல்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். கண் என்னவோ அவருடையதுதான்.