குழாயில் விட்ட தண்ணீர்

நான்தான் தண்ணீர் விட்டேன். வேலம்மாள் அல்ல, நான்!

அதை யாரிடமும் சொல்லாமல், செருப்பில் சேறு காயக் காய, குருவிகுளம் சாலையில் சங்கரன்கோவிலை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் கல்குவாரி. அங்கே பாறையை உடைத்து எம்-சாண்ட் என்னும் செயற்கை மணலைக் கழுவுவார்கள். கழுவிய தண்ணீரில் வரும் மாவு போன்ற கழிவைத் தொட்டியில் மருந்து போட்டுக் கெட்டியாக்கி, குழாய் வழியே கரை கட்டிய மேட்டில் கொட்டுவோம். நீர்த்த சேறு கரையை உடைத்துக்கொண்டு ஓடும். கெட்டிச் சேறு விழுந்த இடத்திலேயே குவிந்து நிற்கும். அதற்காகத்தான் அத்தனை ஏற்பாடும்.

கெட்டிதானா என்று பார்ப்பது வேலம்மாளின் வேலை. அடியில்லாத தகரக் கூம்பில் சேற்றை நிரப்பி, கூம்பை மட்டும் மேலே தூக்குவாள். குவியல் நின்றால் சரி; பரந்துவிட்டால் பம்பை நிறுத்த வேண்டும். தொட்டியின் வாயில் அவள் எடுத்த சேறு எப்போதும் நின்றது. பம்புக்கு அந்தப் பக்கம், அவள் கண்ணில் படாத இடத்தில், ரப்பர் குழாயைச் செருகி நான் தண்ணீர் விட்டேன்...

ஏன்? கெட்டிச் சேறு குழாயை அடைக்கும். அடைத்தால் கழற்றிக் கம்பியால் குத்துவது நான் ஒருவன்தான். வெயிலில் காய்ந்த இரும்பைத் தொட்டால் தோல் உரியும். இதைக் கேட்கிற நீ தொட்டிருப்பாயா? எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கற்றிருந்தேன். அதற்காக உன் முன் தலைகுனிய மாட்டேன்!

ஆனால் இதைக் கேள். வேலம்மாளின் சித்தப்பா அந்த மேட்டுக்குக் கீழே ஆட்டுக்கிடை போட வந்தார்.

"ஏட்டி, இந்தச் சகதி எறங்கி வந்துராதே?"

"கூம்புல அசையாம நிக்குது. நாந்தான பாக்குதேன்!" வேலம்மாள் சிரித்தாள். "ஒம்ம ஆடு வேணா ஓடும் சித்தப்பா, இது ஓடாது."

நான் அருகில்தான் நின்றேன். நான் தண்ணீர் விட்ட சேறு மேட்டில் மேலாகக் காய்ந்து வெடித்திருக்கும். ஓர் அதிர்வு பட்டால் அடியில் கூழாகிவிடும். கம்பால் குத்திப் பார்த்தவன் நான். அறிந்திருந்தேன்... அறிந்தே வாயை மூடிக்கொண்டேன்!

மறுநாள் பாறைக்கு வெடி வைத்தார்கள். தரை அதிர்ந்தது. மேடு கரையைத் தாண்டி இறங்கியது. பெரிய ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. குடாப்பு என்னும் கூடைக் கூண்டுக்குள் அடைத்திருந்த குட்டிகளால் ஓட முடியவில்லை.

சித்தப்பா சேற்றைக் கையால் தோண்டினார். "நீ சொன்னியேன்னுதானட்டி இங்கன போட்டேன்!"

மேனேஜர் வேலம்மாளை அங்கேயே வேலையிலிருந்து நிறுத்தினார். அவள் கூம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "நான் சரியாத்தான அண்ணே பாத்தேன்?"

"ஆமா" என்றேன். ரப்பர் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு நடந்தேன்.

இத்தனை ஆண்டுகளில் ஒரு நாள் போய்ச் சொல்லியிருக்கலாமே என்கிறாயா? சொல்லியிருக்கலாம்... போகவில்லை. உன்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. கொடுக்க நீ யார்? குட்டிகள் உன்னுடையவை அல்ல!

அன்றிரவு பேருந்து நிலையத்தில் படுத்தேன். மறுநாள் காலையே சங்கரன்கோவிலில் ஒரு தறிக்கூடத்தில் வேலை கிடைத்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறாமலிருக்கப் பூசும் கஞ்சியைக் காய்ச்ச வேண்டும். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"ரொம்பக் கெட்டியாயிட்டு வே, கொஞ்சம் தண்ணிய விடும்."

செம்பை எடுத்தேன். "அண்ணாச்சி, தண்ணி விடுதேன்!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு ஊற்றினேன்.

தறிகளின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.