அக்கா கேட்ட தீராத மந்திரம்

போன ஞாயிற்றுக்கிழமை காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, எட்டு முகம், இருபது முகம் வைத்த பகடைகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். "இது சின்ன மந்திரம்தானே, தீரவே தீராது. எத்தனை தடவை வேணும்னாலும் போடுவேன்" என்றாள் ஒரு பெண். யாரும் மறுக்கவில்லை. ஆட்டம் மேலே போயிற்று. நான்தான் கையில் துணியோடு அங்கேயே நின்றுவிட்டேன். அந்த ஒரு வரிக்காக எங்கள் வீட்டில் மூன்று நாள் யாருக்கும் சரியாகச் சோறு இறங்கவில்லை.

உங்களுக்கு அந்த விளையாட்டு தெரியுமோ என்னவோ. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன் என்பார்கள். பலிக்குமா பலிக்காதா என்று பகடை முடிவு செய்யும். எண்பதுகளின் நடுவில் அது திருத்தணிக்கு எப்படி வந்தது என்றால், பாவாவின் தகரப் பெட்டியில் வந்தது. பாவா என்றால் அக்கா புருஷன். சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. கூட வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் இறங்கிப் போகும்போது புத்தகத்தையும் பகடைகளையும் அவரிடம் கொடுத்துவிட்டாராம். பெட்டியைத் திறந்தால் டீசலும் பாச்சை உருண்டையும் கலந்து ஒரு வாடை வரும். எனக்கு மந்திரம் என்றால் இன்றைக்கும் அந்த வாடைதான்.

பாவா நீண்ட விடுப்பில் வந்திருந்ததற்குக் காரணம் அக்கா. வனஜாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. சென்னையில் ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்திருந்தோம். தேதி தள்ளிக்கொண்டே போனது. கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறுவதை வாசலில் நாற்காலி போட்டுப் பார்ப்பாள். அவள் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும்.

அவளுக்குப் பொழுது போக வேண்டும் என்றுதான் பாவா ஆட்டத்தை ஆரம்பித்தார். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகளுக்கு விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு மத்தியானம் வந்து சேர்ந்துகொள்வேன். என் வேஷம் வாள் வீரன். முதல் வீரன் எலி கடித்துச் செத்தான். இரண்டாமவன் குழியில் விழுந்தான். மூன்றாமவனுக்குப் பேர் வைக்கப் போனபோது பாவா தடுத்தார். "இர்றா, சாயங்காலம் வரிக்கும் உசுரோட கீறானா பாக்கலாம்."

அக்கா மந்திரக்காரி. புத்தகத்தின்படி அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மந்திரம்தான். போட்டால் மறந்துவிடும். அடுத்த நாள் காலையில்தான் மறுபடி மனப்பாடம் செய்ய முடியும். அந்த ஒன்றைச் செலவழிக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருப்பாள். ஒரு நாள் குகைக்குள் கதவு மூடிக்கொண்டது. மந்திரம் முன்பே தீர்ந்திருந்தது.

"இப்ப நான் இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது வனஜா. இனிமே நாளிக்குத்தான்."

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. "ஆஸ்பத்திரிலயும் நாளிக்கு. இங்கியும் நாளிக்கா?" என்றவள் பகடைகளைச் சுவரில் விசிறி அடித்தாள். அதற்கே மூச்சு வாங்கிற்று. மூன்று நாள் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. பாவா அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தில் சந்து தேடினார். ஆஸ்பத்திரிக் காகிதங்களைக்கூட அவர் அப்படிப் படித்ததில்லை. நாலாம் நாள் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"புக்குல இல்ல. நானே எழுதறேன். எத்தினி தபா போட்டாலும் தீராத மந்திரம் ஒண்ணு. ஆனா சின்னதா இருக்கணும். இன்னா வேணும் சொல்லு."

நெருப்பு கேட்பாள் என்று நினைத்தேன். நானாயிருந்தால் கேட்டிருப்பேன்.

"தூரத்துல கீறவங்க காதுல குசுகுசுன்னு பேசணும். அவங்க பதில் சொல்றது எனக்குக் கேக்கணும்."

"எவ்ளோ தூரம்?"

"கப்பல் வரிக்கும்."

பாவா எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு எழுதினார். அதற்கப்புறம் பூதம் துரத்தும்போதுகூட அக்கா வாயைக் கையால் குவித்து, கதையில் வரும் தளபதியிடம், "சாப்டீங்களா?" என்று கேட்பாள். தளபதி பாவாவின் குரலில் பதில் சொல்வான்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள், தேதியை முன்னால் வாங்கிவிடலாம் என்று பாவா காலை ரயிலில் சென்னைக்குப் போனார். பத்து மணிக்கெல்லாம் அக்காவால் படுக்க முடியவில்லை. உதடு நீலமாகிவிட்டது. உள்ளூர் டாக்டர் ஊசி போட்டு, "உடனே மெட்ராஸ் கொண்டுபோங்க" என்றார். பாவாவுக்குச் சொல்லத் தபாலாபீஸிலிருந்து சென்னை ஆஸ்பத்திரிக்கு டிரங்க் கால் போட்டால் மழையில் லைன் இல்லை. வண்டி தேடி ஓடினேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி ஏற்றி வந்த வேன் ஒன்று டீக்கடையில் நின்றது. டிரைவர் கிளாஸை வைத்துவிட்டு, "ஏத்துப்பா, பேச்சு அப்பறம்" என்றார்.

மூட்டைகளின் மேல் அவளைச் சாய்த்து உட்காரவைத்தேன். நைனாவும் அம்மாவும் ஏற இடமில்லை. புதுத் துணியின் கஞ்சி வாசனை மூச்சை அடைத்தது. இன்றுவரை நான் லுங்கி கட்டுவதில்லை. வேட்டிதான். பண்பாட்டுப் பற்று என்று தெருவில் ஒரு நல்ல பேர்.

ஊர் தாண்டியதும் அக்கா வாயைக் கையால் குவித்தாள்.

"இன்னாங்க... எங்க கீறீங்க?"

காத்திருந்தாள். மறுபடி கேட்டாள்.

"பேசாத அக்கா, மூச்சு வாங்கும்."

"இது தீராதுடா" என்றாள்.

கனகம்மாசத்திரம் வரை கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பதில் வர்லடா" என்றாள். நான் சொல்லியிருக்கலாம். பாவாவின் குரல் எனக்கு அத்துப்படி. "வந்துகினே கீறேன் வனஜா" என்று மூன்றே சொல். முன்னால் இருந்த டிரைவர் என்ன நினைப்பாரோ என்று வெட்கம். சொன்னால் அவள் நிஜமாகவே போய்விடுவாளோ என்று பயம். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அப்புறம் அவள் கூப்பிடவில்லை. திருவள்ளூர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அதே வேனில் வீட்டுக்குத் திரும்பினோம்.

பாவா சாயங்கால ரயிலில் வந்து சேர்ந்தார். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என்னக் கூப்டாளாடா?"

"இல்ல பாவா. தூங்கிகினே போய்ட்டா" என்றேன். கூப்பிட்டாள், நீங்கள் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முகத்தில் இருந்தது ஆறுதல் இல்லை என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

காரியம் முடிந்து கப்பலுக்குப் போனவர் இரண்டு கடிதம் போட்டார். பிறகு இல்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு, ஏதோ ஒரு துறைமுகத்தில் கணக்கு முடித்து இறங்கிவிட்டார் என்று பதில் வந்தது. நாங்கள் இருந்த வீட்டை இடித்து யாத்திரிகர்களுக்கு லாட்ஜ் கட்டியாயிற்று. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். நைனாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாவா எங்கேயாவது உயிரோடிருந்தால் எழுபது தாண்டியிருக்கும். வழி நெடுக உங்களைத்தான் கூப்பிட்டாள் என்று அவரிடம் சொல்ல வேண்டும். எந்த ஊருக்கு எழுதுவது என்றுதான் தெரியவில்லை.