வேல்ராஜின் தூக்குவாளி

மன்னவனூரில் வேல்ராஜ் போடும் மலைப்பூண்டு ஊர் ஊராய்ப் போகும். வேல்ராஜ் போக மாட்டான். மலையை விட்டு இறங்குவதென்றால் அவனுக்கு வாந்தி. வளைவு அவனை ஒன்றும் செய்யாது. ஏற்றத்தில் எத்தனை வளைவு வந்தாலும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவான். இறக்கம் தொடங்கினால் போதும், பேச்சு நின்று கண் செருகும். அடுத்து நான் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். பூண்டும் கேரட்டும் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும் பிக்கப் அவன் கூட்டாளியான என்னுடையது. இவனால் அதை நான் எத்தனை முறை கழுவியிருப்பேன் என்பது முருகனுக்குத்தான் தெரியும்.

அவன் கல்யாணமே தலைகீழாகத்தான் நடந்தது. பெண் இருப்பது கீழ்மலையில், பாச்சலூரில். பார்க்கப் போக இவனால் முடியாது. கடைசியில் பெண்ணையே ஜீப்பில் ஏற்றி மாப்பிள்ளை பார்க்கக் கூட்டி வந்தார்கள். அன்னக்கொடி இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆளு நல்லாத்தான் இருக்காரு. மறுவீட்டுக்காச்சும் வருவாரா?" என்று கேட்டாள்.

போனான். அன்னக்கொடி சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு போனான். வாளி நிறைந்தது. மாமியார் ஆக்கி வைத்த கறிச்சோற்றைத் தொடக்கூட முடியாமல் பாயில் சுருண்டு கிடந்துவிட்டு ஊர் திரும்பினான். அதற்குப் பிறகு அவன் இறங்கவேயில்லை. வாளி மட்டும் அவன் வீட்டு வாசலில் ஆணியில் தொங்கும். அதன் வரலாறு தெரியாதவர் ஊரில் கிடையாது.

தங்கை நதியாவின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து வரும்வரை இப்படியே ஓடியது. நதியாவைக் கட்டிக்கொடுத்தது பழனியில். மூத்தவனுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் மடி இறங்கி வராது என்பதால் சம்பந்தி வீட்டார் மொத்தமும் மன்னவனூருக்கு ஏறி வந்தார்கள். தைமாதக் குளிரில் நதியாவின் மாமியாருக்குப் பல் கிட்டிப்போனது. அந்தம்மா அதை இன்னும் மறக்கவில்லை. "இந்தப் பிள்ளைக்குப் பழனியிலதான். தாய்மாமன் வரலேன்னா எங்க வகையில ஒருத்தர் மடியில உக்கார வச்சிக் குத்திக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்.

நதியா போனில் அழுதாள். "அண்ணே, நீ உசுரோட இருக்கையில எம்பிள்ளைய வேற ஆளு மடியில வைக்கச் சொல்றியா?"

வேல்ராஜ் அன்று சாப்பிடவில்லை. தங்கை என்றால் அவனுக்கு உயிர். எனக்கே பாவமாக இருந்தது.

கொடைக்கானலில் ஒரு காட்டேஜுக்கு நான் காய்கறி போடுகிறேன். அங்கே தமிழ்மதி என்ற பெண், ஹிப்னாடிசத்தால் பயத்தைப் போக்கும் பயிற்சி நடத்தி வந்தார். பெங்களூரிலிருந்து வந்து கண்ணை மூடிக் கிடப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. திரும்பும்போது பளிச்சென்றுதான் திரும்புகிறார்கள், அதை மறுக்க மாட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "கூட்டிட்டு வாங்க சார். ஃபீஸ் வேணாம், பூண்டு குடுத்தா போதும்" என்றார்.

வேல்ராஜைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தார். அன்னக்கொடியும் நானும் மூலையில் நின்றோம். தமிழ்மதியின் குரல் தேன்தான். "உடம்பைத் தளர்த்துங்க. ஒரு படிக்கட்டுல நிக்கிறீங்க. மெதுவா கீழே இறங்குறீங்க. இன்னும் கீழே... இன்னும் கீழே..."

வேல்ராஜின் கண் செருகியது. தமிழ்மதி எங்களைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார். அந்தச் செருகல் எதுவென்று எங்களுக்கல்லவா தெரியும்! "மேடம், தள்ளி நில்லுங்க!" என்று அன்னக்கொடி கத்துவதற்குள் கம்பளம் பாழாகிவிட்டது. நாற்காலியில் அசையாமல் கிடந்தபடியே மலையிறங்கி வாந்தியெடுத்த பெருமை எங்கள் ஊருக்குத்தான்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். தமிழ்மதி சிரித்தார். "தப்பு என்மேலதான். எல்லாருக்கும் சொல்ற படிக்கட்டையே உங்களுக்கும் சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு பாருங்க, வண்டியே இல்லாம வாந்தி வருதுன்னா கோளாறு ரோட்டுல இல்ல. இறங்குறோம்ங்கற நெனப்புல இருக்கு. நெனப்பை மாத்தலாம்."

"அப்ப ஏத்திவிடுங்க மேடம்" என்றாள் அன்னக்கொடி. "ஏத்தத்துல இவரு ராசா."

ஏற்றினார். "மேலே போறீங்க... குளிர்காத்து முகத்துல படுது..." வேல்ராஜ் குறட்டைவிட்டான். அவன் கையில் ஒரு பூண்டுப் பல்லைக் கொடுத்து, அதை மோந்தால் மலையேறும் நினைப்பு வருமாறு சில வாரம் பழக்கினார்.

காதுகுத்து அன்று வெள்ளனே கிளம்பினோம். எனக்குப் பக்கத்தில் வேல்ராஜ், ஓரத்தில் அன்னக்கொடி, அவள் மடியில் தூக்குவாளி. பெருமாள்மலையில் பழனி ரோட்டுக்குத் திரும்பியதும் பூண்டை மூக்கில் வைத்துக் கண்ணை மூடினான். வண்டி முழுக்க வாடை, எனக்குத்தான் குமட்டியது. பாதி வழியில் அவன் முகம் வெளுத்தது. அன்னக்கொடி வாளியைத் திறக்கவில்லை. அவன் காதோரம் குனிந்தாள்.

"ஏங்க, ஊருக்குத்தான் போறோம். பூம்பாறை வந்துருச்சு. ஆட்டுப்பண்ணை தாண்டியாச்சு. நம்ம தோட்டத்துல நாய் கெடக்கு பாருங்க, வால ஆட்டுது."

வண்டி இறங்க இறங்க அவள் ஏறிக்கொண்டே இருந்தாள். வீடு சேர்த்து, அடுப்பைப் பற்றவைத்து, காபியும் போட்டுக் கொடுத்துவிட்டாள். போகிறோமா வருகிறோமா என்று ஸ்டியரிங் பிடித்த எனக்கே குழம்பிவிட்டது.

முகத்தில் வெக்கை அடித்ததும் கண்ணைத் திறந்தான். எதிரே பழனிமலைக் கோபுரம். "இறங்கிட்டோமா மச்சான்?" என்றான். தலையை ஆட்டிவிட்டு ஹாரனை நீட்டி அடித்தேன்.

ஆசாரி காதில் ஊசியை வைத்ததும் பிள்ளை வீறிட்டு, குடித்த பாலையெல்லாம் தாய்மாமனின் புது வேட்டியில் கக்கியது. சம்பந்தியம்மா பதறினார். வேல்ராஜ் மடியை அசைக்கவில்லை. "எம்மருமகளாச்சே, என்னையத்தான் கொண்டு பொறந்திருக்கா" என்றான். நதியா சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள்.

ஊருக்குக் கொடுக்க அன்னக்கொடி பஞ்சாமிர்தம் வாங்கினாள். மலையில் தடையென்று பிளாஸ்டிக் டப்பாவை ஏறும் வழியில் செக்போஸ்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில், சுத்தமாக இருந்த தூக்குவாளியில் எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டாள். மன்னவனூரில் வாளியைத் திறந்து நீட்டினால் ஒருத்தரும் கை நீட்டவில்லை.

"சத்தியமா வாந்தி எடுக்கலப்பா" என்றான் வேல்ராஜ். ஊர் வாளியைப் பார்த்தது. பிறகு அவன் வேட்டியில் இருந்த கறையைப் பார்த்தது. "அது பிள்ள கக்குனது" என்றான். சிரிப்புக் கிளம்பியது. அவன் முகம் சுருங்கிவிட்டது.

எனக்கு வந்ததே கோபம். "ஏலே, வண்டி கழுவுறவன் நான். நானே திங்கிறேன், உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கையை விட்டு ஒரு வாய் அள்ளிப் போட்டேன். அப்புறம் ஒவ்வொரு கையாக நீண்டது. வாளி வழித்துத் துடைத்தது போல் காலியானது.

வேல்ராஜ் நெஞ்சை நிமிர்த்தினான். "மச்சான், நாளைக்கு லோடு ஏத்துறப்ப என்னையும் ஏத்திக்க. ஒட்டன்சத்திரத்துல என் பூண்டு எப்படி விக்குதுன்னு பாக்கணும்."

அன்னக்கொடி வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"மார்க்கெட்டெல்லாம் அப்புறம். மொதல்ல பாச்சலூரு. எங்கம்மா கறிச்சோறு மறுவீடு போன அன்னிக்கிருந்து ஆறிப்போய்க் கெடக்கு."