தட்டைக்கா, அடைக்கா?

ஸ்ரீரங்கத்தில் மாவு மில் நடத்தும் என் அக்கா ராசாத்தி, மெஷின் ஓடும் நேரமெல்லாம் காதில் எதையோ செருகிக்கொண்டு யாருடனோ போன் பேசுகிறாள் என்று தை மாதத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. ரேஷன் கடை வரிசையில் செந்தமிழனின் மனைவி காதில் அது விழுந்தது. அவள் செந்தமிழனிடம் சொன்னாள். பள்ளிக்கூடத்திலிருந்தே என்னோடு படித்தவன் என்ற உரிமையில் அவன் சிங்கப்பூருக்குப் போன் போட்டு என்னிடம் சொன்னான்.

"தப்பா எடுத்துக்காதடா. நான் சொல்லலை, ஊர்ல சொல்றாங்க. பேச்சு மும்முரத்துல, மிளகாய் அரைச்ச மெஷின்ல யார் வீட்டு அரிசியையோ கொட்டிட்டாங்களாம்."

"யார் வீட்டு அரிசி?"

"அது தெரியலை."

"யார்கிட்ட பேசினாளாம்?"

"அதான் யாருக்கும் தெரியலையே. தெரிஞ்சிருந்தா இவ்வளவு பேச்சு எதுக்கு?"

"சரி, காதுல இருக்கறது என்ன கலராம்?"

"நீலமாம். ஏன்?"

"அதுல மாவு படிஞ்சிருந்துச்சாமா?"

"என்னடா கேள்வி இது?"

அக்காவைப் பற்றிய அவதூறைக் கேட்டு நிம்மதியடைந்த தம்பி உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் காதில் இருந்தது போன் இல்லை. சத்தத்திலிருந்து காதைக் காக்கும் பிளக். அதைப் போட்டுக்கொள் என்று ஐந்து மாதமாக நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். போட்டிருக்கிறேன் என்று அவளும் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நம்பவில்லை.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. நாங்கள் ஜீயபுரத்துக்காரர்கள். கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்தாள். மாமா இறந்தபின் பதினோரு வருடமாக மேலூர் ரோட்டு மில்லை ஒற்றை ஆளாக ஓட்டுகிறாள். அரிசி, கோதுமைக்கு ஒரு மெஷின். மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஓடினால் வாசலில் நிற்பவர்கள் சைகையில்தான் பேச வேண்டும்.

அவள் தொழில் கண்ணை நம்பியது இல்லை, காதை நம்பியது. தானியம் நிறைய இருக்கும்போது மெஷின் அடித்தொண்டையில் பேசும். தீரப்போகும் நேரம் குரல் மேலே ஏறும். ஏறுவதற்குள் அடுத்த படியைக் கொட்டிவிட வேண்டும். கோதுமைக்குள் ஒரு ஆணி கிடந்தால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். அந்தக் கணமே சுவிட்சை அணைத்தால் சல்லடை பிழைக்கும். பெல்ட் வழுக்குவதும் அவளுக்குச் சத்தம்தான், மாவின் பதமும் சத்தம்தான்.

அந்தக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது போன ஆவணியில், ஸ்ரீஜயந்திக்கு முந்தின வாரம் தெரிந்தது. உத்தரவீதிப் பக்கம் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் சுபஸ்ரீ மாமி, ஊறவைத்து நிழலில் உலர்த்திய பச்சரிசியைக் கொடுத்துவிட்டுப் போனார். சாயந்திரம் வந்து டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"ராசாத்தி, என்ன இது, குருணையா இருக்கு?"

"அடைக்குன்னீங்களே மாமி."

"ஸ்ரீஜயந்திக்கு எந்த ஆத்துல அடை தட்டறா? தட்டைக்குன்னு சொன்னேன். த... தட்டை. நைஸா வேணும்."

"எனக்கு அடைன்னுதான் கேட்டுச்சு."

"உன் காதுக்கு அப்படிக் கேட்டா அதுக்கு நான் என்னடியம்மா பண்றது?"

அக்கா அதையே திரும்ப நைஸாக அரைத்துக் கொடுத்தாள். போனில் என்னிடம் சிரிப்பாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலை பார்க்கும் கப்பல் பட்டறையில் வருடா வருடம் காதைச் சோதிப்பார்கள். முதலில் போவது பெரிய சத்தம் இல்லை, வார்த்தையின் மெல்லிய ஓரங்கள்தான் என்று சோதிக்கிறவர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். தட்டையின் 'த' எங்கே விழுந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"டிவியில சவுண்டு எவ்வளவு வைக்கிறக்கா?"

"ஏன், கரண்ட் பில் நீ கட்டப் போறியா?"

தில்லைநகரில் காது சோதிக்கும் பிரான்சி என்பவரிடம் நாள் வாங்கிக் கொடுத்தேன். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்களாம். முடிந்ததும் பிரான்சி போனை ஸ்பீக்கரில் போட்டு எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னார்.

"மேல் ஸ்தாயியில ரெண்டு காதும் இறங்கியிருக்குங்க. போனது வராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். மெஷின் ஓடும்போது கண்டிப்பா பிளக் போட்டுக்கணும். ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம். அப்பவும் இறங்கியிருந்தா மில்லை விட்டுட வேண்டியதுதான்."

வெளியே வந்ததும் அக்கா போனில் கேட்டாள்: "கடைசில சொன்னாங்களே, அது நீ சொல்லிக் கொடுத்ததா?"

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

"மில்லை வித்துட்டு வான்னு ரெண்டு வருசமா நீதானே நச்சரிக்கிற."

"மத்ததெல்லாம் கேட்டுச்சா?"

"அது மட்டும் நல்லாக் கேட்டுச்சு."

ஊருக்குப் போன ஒருவரிடம் ஒரு பெட்டி பஞ்சு பிளக் கொடுத்தனுப்பினேன். விரலால் சன்னமாக உருட்டிச் செருகினால் காதுக்குள் தானே விரிந்து அடைத்துக்கொள்ளும். பட்டறையில் நாங்கள் போடுவது அதுதான். மாவு மில்லில் விரல் எப்படி இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. அவள் இரண்டு கிலோ குண்டு மிளகாய் அரைத்த கையோடு பஞ்சை உருட்டிக் காதில் செருகினாள்.

"காதைக் காப்பாத்தச் சொன்னா காதைக் கொளுத்திட்டியேடா."

எரிச்சல் அடங்க ஒரு நாள் ஆனது. எரியாத நாளிலும் அது ஒத்துவரவில்லை. "மெஷின் எங்கயோ முசிறியில ஓடுற மாதிரி இருக்கு. ஒன்னும் கேக்காம இருக்கறதுக்கு நான் எதுக்கு மில்லைத் திறக்கணும்?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஆற்றைக் கடந்து பாலக்கரைக்குப் போனாள். ஹெல்மெட், கையுறை, பட்டறைக் காலணி விற்கும் கடை அது. கடைக்காரர் இம்தியாஸ் முதலில் ஒரு ரப்பர் பிளக் கொடுத்தார். மூன்று குடையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தது போன்ற வடிவம். அவள் காதுத் துவாரம் சின்னது. இரண்டு மணி நேரத்தில் தாடை வலித்தது. மறுநாளே திரும்பப் போனாள்.

"காதுல வெச்சதைத் திருப்பி எடுக்க மாட்டோம்க்கா."

"திருப்ப வரலை தம்பி. வேற இருக்கான்னு கேக்க வந்தேன்."

"ஒன்னு சொல்லுங்க. உங்களுக்குச் சத்தமே கேக்கக் கூடாதா, இல்லை குறைஞ்சாப் போதுமா?"

"குறைஞ்சாப் போதும். மெஷின் பேசுறது எனக்குத் தெரியணும்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார். செண்டை மேளக்காரர்களும் கச்சேரியில் டிரம்ஸ் வாசிப்பவர்களும் வாங்குவது என்றார். மெத்தென்ற சிலிக்கான். நடுவில் ஊசித் துவாரம் போல ஒரு வடிகட்டி. அது எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் இறக்குமாம். பாட்டு பாட்டாகவே கேட்கும், பேச்சு பேச்சாகவே கேட்கும். பிடிக்கத் தனியாக ஒரு காம்பு இருந்ததால், காதுக்குள் போகும் பாகத்தில் விரல் பட வேண்டியதில்லை. நுனி மூன்று அளவில் வந்தது. வலது காதுக்குச் சின்னதும் இடது காதுக்கு நடு அளவும் பொருந்தின. ஒரே ஆளுக்கு இரண்டு காதும் ஒரே அளவில் இருக்க வேண்டுமென்று இல்லையாம். தலைக்கு மேல் மறு கையைக் கொண்டுவந்து காதை லேசாக மேலே இழுத்துச் செருக வேண்டும். இழுத்துப் பார்த்தால் மெல்லப் பிடிக்க வேண்டும், உறுத்தக் கூடாது. சாயந்திரம் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து டப்பாவில் போட்டால் மாதக்கணக்கில் உழைக்கும்.

அக்கா அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டாள். "நம்பலாமாடா? விக்கிறவன் இவ்வளவு விவரமாப் பேசினா எனக்குப் பயமா இருக்கு."

நம்பலாம் என்றேன். வாங்கினாள். அதன்பின் நான் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் தலையைத் திருப்பிக் காதைக் காட்டுவாள். அவள் புருவம் வெள்ளை, முடி வெள்ளை, சேலைத் தலைப்பு வெள்ளை. காதில் இருந்த பிளக் மட்டும் கடையில் வாங்கிய நீலத்தில் பளிச்சென்று இருக்கும். ஒரு பொட்டு மாவு கிடையாது.

"நான் கூப்பிட்ட பிறகு எடுத்து மாட்டுறே."

"உனக்குப் போலீஸ் ஸ்டேஷன்லயே வேலை போட்டுக் கொடுப்பாங்கடா. கப்பல்ல எதுக்கு இருக்க?"

அதனால்தான் செந்தமிழன் கொண்டுவந்த வதந்தி எனக்கு நல்ல சேதியாக இருந்தது. ஊரே பார்த்துச் சந்தேகப்படும் அளவுக்கு அவள் அதைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வம்பு பேசுகிறவர்கள் எனக்குச் சாட்சி சொல்லியிருந்தார்கள்.

என் நிம்மதி ஒரு வாரம் தாங்கவில்லை. ரயில்வே கேட் பக்கம் இருந்த இன்னொரு மில்லுக்கு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். சுபஸ்ரீ மாமி மட்டும் நேரே வந்து கேட்டார். மில்லில் காத்திருந்த நாலைந்து பெண்கள் முன்னால் நடந்ததை அக்கா எனக்கு நடித்தே காட்டினாள்.

"யார்கிட்ட பேசிண்டிருக்கே ராசாத்தி?"

"யார்கிட்டயும் இல்லை மாமி. இது மெஷின் சத்தத்தைக் குறைக்கறது."

"அப்போ நான் சொல்றது எப்படிக் கேக்கும்?"

"கேக்குதே மாமி. பதில் சொல்றேன்ல?"

"அதான் எனக்குச் சந்தேகம். காதை அடைச்சுண்டவளுக்கு எப்படிக் கேக்கறது?"

அக்கா ஒன்றைக் கழற்றி நீட்டினாள். "நீங்களே வெச்சுப் பாருங்க மாமி. போனா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

மாமி ஓரடி பின்னால் போனார். "உன் காதுல வெச்சதையா? எச்சில் இல்லையோ?"

"வாயில வெச்சாத்தானே எச்சில்?" என்றாள் மல்லி அரைக்க வந்த ஒருத்தி.

"காதுல என்ன சந்தனமா இருக்கு?" என்றாள் இன்னொருத்தி.

"சோப்புப் போட்டு அலம்பித் தரேன் மாமி."

"அலம்பினாலும் வேண்டாம்."

ஒருவரும் வைத்துப் பார்க்கவில்லை. காதில் வைத்தது எச்சிலா இல்லையா என்ற விசாரணையில் அரை மணி போனது. போனா இல்லையா என்பது அப்படியே நின்றது. மறுநாள் அக்கா ஒரு சிலேட்டில் 'காதில் இருப்பது போன் அல்ல' என்று எழுதி தராசுக்கு மேலே மாட்டினாள். அதைப் படித்தவர்கள், ஒன்றும் இல்லாமலா எழுதி வைப்பாள் என்றார்கள்.

பிரான்சியிடம் ஒரு கடிதம் வாங்கி மாட்டு என்றேன். காது இறங்கியிருக்கிறது, அதற்காகத்தான் இது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் ஊர் வாய் மூடும் என்று எனக்குத் தோன்றியது.

அதற்கு அவள் சொன்னாள்:

"போன் பேசுறான்னா, சில பேர் போனாலும் மத்தவங்க திமிர்னு சொல்லிட்டு அரிசியைக் கொடுத்துட்டுப் போவாங்க. காது கேக்கலைன்னு தெரிஞ்சா, எல்லாருமே அரிசியை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. தட்டையா அடையான்னு தெரியாதவகிட்ட எவ கொடுப்பா?"

அவ்வளவு நாள் காது இறங்கியதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப என்னக்கா பண்ணப் போற?"

"காது போனாலும் மில் போகும். ஆளுங்க போனாலும் மில் போகும். எது முந்துதுன்னு பாக்குறேன்."

அதன்பின் ஆள் இருக்கும்போது கழற்றிவிடுகிறாள் என்று நினைக்கிறேன். மில்லில் ஆள் இல்லாத நேரம் ஏது? போட்டுக்கொண்டிருக்கிறாயா என்று கேட்டால் "ம்" என்பாள். வீடியோவில் வா என்றால், "கேமராவுல மாவு அடைச்சிருச்சு" என்பாள். துடைக்கக் கூடாதா என்றால், கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிடுவாள். கூட்டம் திரும்ப வந்துவிட்டது என்று செந்தமிழன் சொன்னான். அவனுக்கு அது நல்ல சேதி. எனக்கு இல்லை.

மாசிக் கடைசி வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு இரண்டாவது சோதனை. முடிந்ததும் போன் பண்ணுகிறேன் என்றாள். அங்கே பன்னிரண்டரை ஆகியும் வரவில்லை. நானே பிரான்சியைக் கூப்பிட்டேன்.

"வந்துட்டுப் போயிட்டாங்களே. ரிசல்ட்டைக் கையில கொடுத்துட்டேன்."

"எப்படிங்க இருக்கு?"

"அவங்களே சொல்றேன்னாங்க. யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாங்க."

"தம்பி கேட்டாலுமா?"

"தம்பின்னு தனியாச் சொன்னாங்க."

குரலில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. சொல்லக் கூடாத சேதியாக இருந்ததால் மறைத்தாளா, வழக்கம்போல் என்னைப் பழிவாங்குகிறாளா? செந்தமிழனை மில் பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கச் சொன்னேன். கால் மணியில் கூப்பிட்டான்.

"கதவு திறந்துதான்டா இருக்கு. வாசல்ல மூணு பேர் தூக்கோட நிக்கிறாங்க."

"அக்கா?"

"உள்ள இருக்காங்க போல. ஆனா மெஷின் ஓடலை."

"கரண்ட் இல்லையா?"

"எதிர்க் கடையில ஃபேன் சுத்துது."

உள்ளே போய்ப் பார் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவன் போனை வைத்துவிட்டு அக்காவின் எண்ணைப் போட்டேன். மெஷின் ஓடாத மில்லில் அது முழுதாக அடித்து நின்றது: அவள் எடுக்கவில்லையா, அவளுக்குக் கேட்கவில்லையா? மறுபடியும் போட்டேன். அடிக்கிறது.