ஏறுகிற தண்ணீரில் கொடுத்த ஞானஸ்நானம்

போன மாதம் சபைகளின் மாநாட்டிலிருந்து ஒருவர் வந்து என் கணவருடைய வாழ்க்கையை எழுதிக்கொண்டு போனார். "அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் நான்கு சபைகளை நிறுவியவர் போதகர் ஐசம் பெல்லிங்கர்" என்று அவர் வாசித்துக் காட்டியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறுவினார், சரி. மூன்றிலிருந்து துரத்தப்பட்டார் என்பதை யார் எழுதுவது? எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இப்போது அனுபவிக்கட்டும்.

கரோலினாவின் மலைப்பக்கம் பிறந்தவர். தச்சு வேலை தெரிந்ததால் நல்ல விலைக்குப் போனார். மூன்று முறை கைமாறினார். விடுதலை வந்ததும் ரம்பத்தையும் வேதாகமத்தையும் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். எங்கே விடுதலையான நம் கறுப்பு ஜனம் மரத்தடியில் கூடிப் பாடுவதைக் கண்டாலும் அங்கே பலகை அறுக்கத் தொடங்கிவிடுவார்.

முதல் ஊரில் கூரை போட்டு முடித்ததும், வட்டமாய்ச் சுற்றிக் கால்தட்டிப் பாடுவது கூடாது என்றார். போய்விடு என்றார்கள். இரண்டாவது ஊரில் சபைப் பெரியவரான டீக்கனின் மைத்துனனை எல்லார் முன்னாலும் குடிகாரன் என்றார். அவன் குடிகாரன்தான், ஆனாலும் போய்விடு என்றார்கள். மூன்றாவது ஊரில் என்ன செய்தார் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

அப்புறம்தான் எங்கள் தீவுக்கு வந்தார். தாடி நரைத்திருந்தது. கடல்நீர் ஏறி இறங்குகிற ஓடைக்கரையில் நான்காவது சபையைக் கட்டினார், என்னையும் கட்டினார். "இதுதான் கடைசி, ஹேகர். இங்கேயே இருந்து இங்கேயே புதையணும்" என்றார். எனக்கும் அதுதான் ஆசை. என் அம்மா, அண்ணன், நான் நட்ட வெண்டைச் செடிகள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

மே மாதத்தில் முதல் ஞானஸ்நானம். பத்தொன்பது பேர், நானும் ஒருத்தி. எங்கள் தீவில் தண்ணீருக்குள் இறங்குவது சும்மா இல்லை. நாள்கணக்கில் காட்டுக்குள் தனியாய்ப் போய் ஜெபித்து, சொப்பனம் கண்டு, அதைப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டால்தான் இறங்குவதற்கு வெள்ளைத் துணி உடுத்தலாம். நான் மூன்று வருடம் முயன்றவள்.

பதினோரு மணிக்குக் கரைக்கு வந்தோம். எங்கள் சபை டீக்கன் மிங்கோ ஓடையைப் பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது.

"போதகரே, தண்ணி ஏறிக்கிட்டிருக்கு. ரெண்டு மணிக்கு மேலதான் இறங்கும். கொஞ்சம் பொறுங்க."

"எதுக்கு?"

"என்ன எதுக்கு? இறங்குற தண்ணிதானே பாவத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும்!"

இவர் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "இயேசு ஞானஸ்நானம் வாங்கின யோர்தான் நதியில ஏத்தம் இறக்கம் உண்டா?"

"யோர்தான்ல நீங்க இறால் பிடிச்சிருக்கீங்களா?" என்றான் மிங்கோ. ஜனம் சிரித்தது. அதோடு போயிற்று. சிரிப்பைப் பொறுக்கிற ஆள் இல்லை இவர். அந்த நிமிடமே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, "வாங்க" என்று கத்தினார். காத்திருந்தால் குறைந்தா போய்விடுவார்? நான் கண்ஜாடை காட்டினேன், தலையை ஆட்டினேன். போதகர் கூப்பிட்ட பிறகு என்ன செய்வது? ஒவ்வொருவராய் இறங்கினோம்.

எங்கள் பாவமெல்லாம் ஏறுகிற தண்ணீரோடு மேலே போய் நெல்வயல்களில் தங்கிவிட்டது. அடுத்த வாரம் மிங்கோவின் கோவேறு கழுதை செத்தது. எங்களோடு இறங்கிய சபைனாவின் குழந்தைக்குக் காய்ச்சல். வேறு காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை.

எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சண்டை போடவில்லை, கெஞ்சினார்கள். "இன்னொரு தடவ, இறங்குற தண்ணியில குடுத்துடுங்க ஐயா. நீங்கதான் எங்களுக்குப் போதகர். வேற ஒண்ணும் கேக்கல" என்றான் மிங்கோ.

"ஒரு தடவதான். மறு தடவ கிடையாது" என்றார் இவர். கதவைச் சாத்திவிட்டார்.

மூன்று வாரம் நான் கத்தினேன். "நனைஞ்சா கரைஞ்சிடுவாங்களா? அவங்களுக்கு மனசு ஆறும், உங்களுக்குச் சபை நிக்கும். எனக்கும்தான் உறுத்துது!" சோற்றையும் செம்பயறையும் பிசைந்து தின்றுவிட்டுப் படுத்துவிடுவார்.

மிங்கோ வேறு தீவிலிருந்து ஒரு போதகரை வரவழைத்தான். ஜூன் இரண்டாம் ஞாயிறு, தண்ணீர் இறங்கும் நேரம், பத்தொன்பது பேருக்கும் மறுபடி. அன்று காலை நான் வெள்ளைத் துணியை எடுத்து உதறினேன். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"முதல் ஆண்டான் வித்ததும், வாங்கினவன் என்னைக் குளத்துல முக்கி 'கேட்டோ'ன்னு பேர் வச்சான். பழைய ஞானஸ்நானம் செல்லாதுன்னான். அடுத்தவன் முக்கி 'டைட்டஸ்'னான். அதுக்கடுத்தவனும் முக்கினான். ஒவ்வொரு தடவையும் எங்கம்மா வச்ச ஐசம்கிற பேர் செத்துச்சு. நான் முக்குற ஆளை ரெண்டாம் தடவ யாரும் முக்கக் கூடாது, ஹேகர்."

நான் துணி உதறுவதை நிறுத்தினேன். "இதை அவங்ககிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னா பரிதாபப்படுவாங்க. எனக்கு வேண்டாம்."

இவரை என்ன செய்வது? துணியைப் போட்டுவிட்டு நான் கரைக்கு ஓடினேன். எல்லாரையும் நிறுத்தி, மூச்சு வாங்க, ஒன்று விடாமல் சொன்னேன். சபைனா அழுதாள். மிங்கோ தொப்பியைக் கழற்றினான். எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

"பெரிய அநியாயம் அக்கா" என்றான் மிங்கோ. "அவருக்கு நடந்தது பெரிய அநியாயம். ஆனா எங்க பாவம் வயல்லதானே கிடக்கு? நீயும் வா. தண்ணி நிக்காது."

பதினெட்டுப் பேரும் பாடிக்கொண்டே இறங்கினார்கள். தண்ணீர் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. என் அண்ணன் இடுப்பளவில் நின்று எனக்குக் கை நீட்டினான். எனக்கு இறங்க வேண்டும் போலிருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஓர் ஆசை எனக்கு வேறெதிலும் வந்ததில்லை. கரையிலேயே நின்று அழுதுவிட்டுத் திரும்பினேன்.

சபை காலியாக இருந்தது. இவர் முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாவாடை ஓரத்தைப் பார்த்தார். உலர்ந்திருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பாவம் இன்றைக்கும் அந்த வயல் பக்கம் எங்கேயோதான் கிடக்கிறது. இந்த மனிதருக்காக அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"பசிக்குது, ஹேகர்" என்றார்.