நான்காவது டம்ளர்

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் திக்காக ஒரு டம்ளர் காபி. வாலிபாலில் என் ரகசியம் அவ்வளவுதான். அது உள்ளே போனால் கண் கூர்மையாகும், கால் லேசாகும், மூன்றாவது செட்டிலும் மூச்சு வாங்காது. துடியலூர் பக்கம் நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியின் டீமில் பத்து வருஷமாக நான்தான் செட்டர். அதாவது, பந்தை விரல் நுனியில் ஏந்தி, அடிப்பவருக்குத் தோதாகத் தூக்கிக் கொடுப்பவன். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் காபியின் மகிமையைப் பிரசங்கம் செய்துவிடுவேன்.

போன வருஷம் அவிநாசிக்கு அப்பால் ஒரு ஊரில் நடந்த போட்டியில் ஃபைனல் வரை போய்விட்டோம். எங்கள் கேப்டனுக்கு அதுதான் கடைசி ஆட்டம். முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குப் பிறகு குதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு கோப்பையைக்கூட அவர் தூக்கியதில்லை. அதை வாய்விட்டுச் சொல்கிற ஆளும் இல்லை. அன்று காலை வேனில் ஏறும்போது புது ஷூ போட்டிருந்தார்.

நான் வீட்டிலேயே என் டம்ளரை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். போய் இறங்கினால், மைதானத்துக்கு இடம் கொடுத்த தோட்டத்துக்காரர் வீட்டு வாசலில் அவர் மனைவி தட்டோடு நிற்கிறார்.

“வாங்க வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டு வெளையாடுங்க.”

குடித்தேன். அடுத்தது தோட்டத்துக்காரரின் தம்பி வீடு. அண்ணன் வீட்டில் குடித்துவிட்டுத் தம்பி வீட்டில் வேண்டாம் என்றால், எங்கள் பக்கம் அது காபியோடு நிற்கிற பேச்சல்ல. அங்கேயும் குடித்தேன். எங்கள் டீமில் ஒருவருடைய தங்கையைக் கட்டிக் கொடுத்த வீடும் அதே தெருவில்தான்.

“எங்க ஊட்ல மட்டும் வேண்டாமுங்களாண்ணா?” என்று அந்தப் பெண் கேட்ட பிறகு என்ன செய்ய? நான்காவது டம்ளரும் உள்ளே போயிற்று. மற்றவர்கள் சாமர்த்தியமாக மோர் வாங்கிக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் காபிப் பிரசங்கம் செய்தவன் எந்த முகத்தோடு மோர் கேட்பது?

முதல் செட்டில் நான் பறந்தேன். செட்டும் எங்களுக்கே. இரண்டாவதில் நெஞ்சு படபடக்க, விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. அடிப்பவருக்குக் கை நடுங்கினாலும் ஓங்கி அடித்துவிடலாம். செட்டருக்கு விரல்தான் எல்லாம். பந்து கையில் இரண்டு முறை பட்டுவிட்டதென்று ரெஃப்ரி விசிலடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. மாற்று செட்டர் கோட்டுக்கு வெளியே தயாராக நின்றிருந்தார். கேப்டன் இரண்டு தடவை என் அருகில் வந்தார். இரண்டு தடவையும், “தண்ணி குடிக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். நானாகவும் வெளியே போகவில்லை.

இரண்டாவது செட்டைத் தோற்றோம். மூன்றாவதும் பதினைந்துக்குப் பதின்மூன்று என்று கைவிட்டுப் போயிற்று. கடைசிப் பாயிண்டும் என் தப்புதான்.

திரும்பும்போது வேனில் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்தேன். புது ஷூவைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, என்னை வெளிய உக்காரச் சொல்லியிருக்கலாமுங்கல்ல?”

“ரெண்டு தடவையும் அதச் சொல்லத்தானுங்க வந்தேன். மொகத்தப் பாத்தா வாயே வரலீங்க. பத்து வருசமா ஆடறவர எப்படிங்க போங்கன்னு சொல்றது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்ததும் பார்க்கப் போனேன். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். அவர் மனைவி காபி கொண்டு வந்தார்.

“எனக்கு வேண்டாமுங்க” என்றேன்.

கேப்டன் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இத அன்னிக்கு ஒரு ஊட்லயாவது சொல்லியிருக்கலாமுங்க” என்றார்.

பத்து வருஷத்தில் அவர் என்னிடம் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே குறை அதுதான்.