மிஞ்சிய அப்பம்

மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், நாக்கால் தள்ளினாலும் விடாது. திருவிருந்துக்கு வைக்கும் அந்த வட்ட அப்பத்துக்கு ருசி என்று ஒன்றும் கிடையாது, நனைந்த காகிதம் மாதிரித்தான் இருக்கும். ஆனாலும் எனக்குப் பதின்மூன்று வயதான அந்த இலையுதிர் காலத்தில், ஷ்லீரனில் ஒரு சுவிஸ் தேவாலயம் ஞாயிறு பின்னேரங்களில் எங்களுக்கு இரவல் தந்த மண்டபத்தின் பின்னறையில் நின்று, கை நிறைய அதைத் தின்றிருக்கிறேன்.

எங்கள் சின்ன அங்கிலிக்கன் தமிழ்ச் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் பெண் என் அம்மா. கிழமை நாட்களில் அலுவலகங்களைத் துடைக்கும் "புட்ஸ்" வேலை, அது முடிந்து வந்து அஞ்சல் வழி இறையியல் படிப்பு என்று எட்டு வருடம் ஓடித்தான் அந்தப் பட்டம் கிடைத்தது. வெள்ளை அங்கியைத் தைத்துக் கொடுத்தவர், அகதி முகாம் நாளிலிருந்து அம்மாவோடு கூடவே இருந்த கிரேஸ் அன்ரி. பட்டம் பெற்ற அன்று சபையே கைதட்டியது, புரியாணி சாப்பிட்டது, அம்மாவை நடுவில் நிறுத்திப் படம் பிடித்தது. அடுத்த ஞாயிறு அம்மா கையால் திருவிருந்து வாங்க ஏழெட்டுப் பேர்தான் எழுந்து வந்தார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே தலைகுனிந்து பாட்டுப் படித்தார்கள். சண்டை பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம், ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.

ஆசீர்வதித்த அப்பத்தை எறியக்கூடாது என்பது முறை. மிஞ்சியதைக் குருவானவரே உண்டு, கிண்ணத்தில் மிஞ்சிய வைனையும் குடித்து முடிக்க வேண்டும். அம்மாவோ ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை தொடங்குமுன் தலைகளை எண்ணி, நாற்பது பேர் இருந்தால் நாற்பது அப்பம் எடுத்து வைப்பார்.

"ஏனம்மா இவ்வளவும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இருக்கிற சனத்துக்கு வைக்கத்தானே வேணும். வரமாட்டினம் எண்டு நானே முடிவெடுக்கிறதோ?" என்றார்.

திருவிருந்து வாங்க உரிமை தரும் திடப்படுத்தல் சடங்கு அந்த வருடம்தான் எனக்கு நடந்திருந்ததால், மிச்சத்தை உண்டு முடிக்க உதவும் தகுதி எனக்கும் வந்திருந்தது. வைனை அம்மா தனியாகக் குடித்து முடிப்பார். முகம் சிவந்துவிடும். அதையும் சிலர் கதைத்தார்கள்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். பின்னேரம் என்றால் எனக்குக் கொலைப்பசி. எல்லோரும் கண்மூடி ஜெபிக்கும்போது நான், "ஆண்டவரே, இண்டைக்கும் நிறைய மிஞ்சவேணும்" என்று ஜெபித்தேன். அந்த மண்டபத்தில் தவறாமல் கேட்கப்பட்ட ஜெபம் அது ஒன்றுதான். அம்மாவிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை.

கிரேஸ் அன்ரி ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. கட்லட் பொரித்துக்கொண்டு வந்து, அங்கியின் மடிப்பைத் தன் கையால் சரிசெய்து அம்மாவை முன்னே அனுப்பிவிட்டு, கடைசி வரிசையில் போய் இருந்துகொள்வார். ஒருநாள் வாசலில் அம்மாவின் கையைப் பிடித்து அழுதார். "உன்னில எனக்கு ஒரு கோபமும் இல்லை ஜெயராணி. எழும்பத்தான் பாக்கிறன், கால் வருகுதில்லையடி."

"அவசரமில்லை, கிரேஸ்," என்றார் அம்மா. "உனக்கும் சேர்த்துத்தான் வைக்கிறனான்."

கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வழக்கம்போலப் பின்னறைக்கு ஓடினேன். தட்டு வெறுமையாக இருந்தது. எல்லோரும் வந்து வாங்கிவிட்டார்களாக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"மிச்சம் இல்லையோ அம்மா?"

"இல்லை. இண்டைக்கு எட்டுத்தான் வைச்சனான்."

"அப்ப கிரேஸ் அன்ரிக்கு?"

அம்மா துணியால் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பசி போய்விட்டது.

தை மாதம் சபைக் குழு வேறு ஊரிலிருந்து ஓர் ஆண் குருவானவரை வரவழைத்தது. அன்று முழு மண்டபமும் எழுந்து வரிசையில் நின்றது. கிரேஸ் அன்ரி முதல் ஆளாக நின்று இரண்டு கையையும் நீட்டினார். அம்மா சேலையில், அங்கி இல்லாமல், அவருக்குப் பின்னால் நின்றார். ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

இன்று அந்த மண்டபம் குழந்தைகள் காப்பகம். சபை கலைந்துவிட்டது, கிரேஸ் அன்ரியும் இல்லை. அவருடைய அடக்க ஆராதனையை நடத்த அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை, மூன்றாம் வரிசையில் இருந்துவிட்டு வந்தார். போன மாதம் அம்மாவை லுசேர்ணில் என்னோடு வைத்துக்கொள்வதற்காக ஷ்லீரன் வீட்டைக் காலி செய்தோம். பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த அங்கிக்குக் கீழே அப்பம் போட்டு வைக்கும் தகரப் "பேணி" இருந்தது. திறந்தேன், முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"அது ஆசீர்வதிக்காதது பிள்ளை," என்றார் அம்மா. "எறியலாம்."

எறிந்தேன்.